மாப்ளைக்கு ஊத்துன டீ

எங்க ஊரு பஸ் ஸ்டாப்புல அந்த ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்குது. ஒரு பக்க கயிறு அறுந்து, பஸ் போற வாரப்பல்லாம் படபடன்னு அடிச்சுக்கிட்டு கெடக்கு. "குழந்தை மனம் கொண்ட எங்கள் அன்பு மாப்ளைக்கு கண்ணீர் அஞ்சலி"ன்னு போட்டு கீழ தோற்றம், மறைவு. மறைவுக்கு தேதி இருக்கு. தோற்றத்துக்கு வெறும் கோடு தான். ஃப்ளெக்ஸ் அடிக்கிற பையன் போன் போட்டு பொறந்த தேதி கேட்டப்போ நாங்க ஆறு பேரு ஒருத்தன் மூஞ்சிய ஒருத்தன் பாத்தோம், அப்புறம் நான் தான் "கோடு போட்டு விட்ருப்பா"ன்னு சொன்னேன். போட்டோவும் கிடையாது. எவன் வீட்டு கல்யாண ஆல்பத்துலயோ பின்னாடி ஜக்கோட நிக்கிறத வெட்டி எடுத்துருக்கு. உத்துப் பாத்தா ஓரத்துல ஒரு பொம்பளையோட பட்டுச்சேலை முந்தானை தெரியும். நானும் 200 ரூபாய் குடுத்தேன் அந்த ஃப்ளெக்ஸுக்கு, அதனால யாரையும் குத்தம் சொல்ற தகுதி எனக்கு இல்ல, ஆனாலும் எழுதாம இருக்க முடியல. பதிவு நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

மாப்ளைன்னு பேரு வந்ததுக்கு காரணம், ஆம்பளையா பொறந்த எல்லாரையும் அவரு மாப்ளைன்னு தான் கூப்பிடுவாரு. தலையாரி, கண்டக்டர், ஒருதடவ விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர், அஞ்சு வயசு பையன், எல்லாரும் மாப்ள. திருப்பி ஊரும் அவர மாப்ளைன்னு கூப்பிட்டு கூப்பிட்டு அதுவே நெலச்சுப் போச்சு. அதுல இன்னொரு வசதி, "மாப்ள, கல்யாணம் எப்போ?"ன்னு கேக்கலாம். "தையில"ம்பாரு. சித்திரையில கேட்டாலும் தையில, தை மாசமே கேட்டாலும் தையில. ஊருக்கு அது ஒரு நாப்பது வருச ஜோக்கு. நானும் சிரிச்சிருக்கேன்.

இங்க "அவரு"ன்னு எழுதுறது எனக்கே புதுசா இருக்கு, அதையும் சொல்லிடுறேன். அம்பது வயசு மனுசன, தாடி நரைச்ச ஆள, அஞ்சாப்பு படிக்கிற பய "வால போல"ம்பான், ஒருத்தரும் கண்டிச்சது இல்ல. நானும் அவர் கடைசி வரைக்கும் வால போல தான்.

பொறந்தப்போ அழலையாம். வீட்டுல பிரசவம், ராத்திரி முழுக்க வலி, மருத்துவச்சி வந்து எடுத்தப்போ பிள்ள நீலமா இருந்துச்சு, தலைகீழா பிடிச்சு தட்டி ரொம்ப நேரம் கழிச்சு தான் சத்தம் வந்துச்சுன்னு அவங்க அக்கா சொல்லுவாங்க. மூளைக்கு காத்து போகாம நின்னுருக்கு, அவ்ளோதான் விஷயம். ஆனா ஊர்ல என்ன பேச்சு தெரியுமா, அவங்க அம்மா கிரகணத்தப்போ வெளிய வந்துட்டாளாம். அந்தம்மா சாகுற வரைக்கும் அந்தப் பழிய சுமந்துக்கிட்டு தான் செத்தா.

அப்புறம் அந்த வார்த்தைகள். லூசு, மெண்டல், அரைலூசு. மாப்ளைக்கு இருந்தது அறிவுசார் குறைபாடு. இதுக்கும் மனநோய்க்கும் சம்பந்தமே இல்ல, அது நடுவுல வரும், மருந்து சாப்பிட்டா கட்டுக்குள்ள இருக்கும். இது வளர்ற வயசுலயே புத்தி மெதுவா போறது, மாத்திரை கெடையாது, பழக்கிக் குடுத்தா நெறைய செய்வாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை குறைபாடு இருக்கு, அதுல இது ரெண்டும் தனித்தனியா தான் இருக்கு. நம்ம சினிமா காமெடில தான் ரெண்டும் ஒன்னு.

சரி, மாப்ள என்ன செஞ்சாரு? தண்ணி ஊத்துனாரு. எங்க ஊர்ல எந்த விசேஷத்துக்கும் பந்தியில தண்ணி அவரு தான். வேற யாராவது ஜக்க எடுத்தா கோவம் வந்துரும், வெடுக்குன்னு பிடுங்கிடுவாரு. முதல்ல வயசானவங்க எங்க உக்காந்துருக்காங்கன்னு பாப்பாரு, அங்க இருந்து தான் ஆரம்பம், மணமேடை சொந்தம் அமைச்சர் சொந்தமெல்லாம் அப்புறம். டம்ளர் விளிம்புக்கு ஒரு விரக்கடை கீழ நிறுத்துவாரு, இலையில ஒரு சொட்டு விழாது. ரசம் ஊத்துற ஆளு பின்னாடி தான் போவாரு, ஏன்னா ரசத்துக்கு தான் பெருசுகளுக்கு புரை ஏறும். இத யாரு சொல்லிக் குடுத்தா? யாரும் சொல்லல. பாத்து பாத்து அவரே கண்டுபிடிச்சது. எங்க பெரியத்தைக்கு ஒருதடவ புரை ஏறி கண்ணு செருகிருச்சு, நாங்கல்லாம் "ஏ ஏ"ன்னு கத்திக்கிட்டு இருக்கோம், மாப்ள டம்ளர குடுக்காம முதுக நீவி விட்டு மூச்சு வந்த பொறவு தான் தண்ணிய நீட்டுனாரு. ஒன்னாப்பு தாண்டல அந்த மனுசன்.

இன்னொன்னு துஷ்டி வீடு. எங்க சாவு விழுந்தாலும் பதினாறு நாளும் காலையில ஏழு மணிக்கு வந்து அந்த வீட்டு திண்ணையில உக்காந்துருவாரு. பேச மாட்டாரு. நம்மாளுக வருவாங்க, "எப்படி ஆச்சு, எந்த ஆஸ்பத்திரி, எவ்ளோ செலவு"ன்னு கேட்டுட்டு காபி குடிச்சுட்டு போயிருவாங்க. 2014ல எங்க அப்பா போனப்போ மாப்ள தினமும் வந்தாரு. வந்து உக்காந்ததும் ஒரே கேள்வி, "அப்பா எங்க மாப்ள?" முதல் ரெண்டு நாள் எனக்கு எரிச்சல்னா எரிச்சல், அம்மா காதுல விழுதேன்னு. மூணாம் நாள் "செத்துட்டாரு மாப்ள"ன்னு கத்திட்டேன். "ம்"னாரு. மறுநாளும் கேட்டாரு. ஏழாவது நாளோ எட்டாவது நாளோ அவரு கேட்டதும் எனக்கு அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு, அதுவரைக்கும் நான் அழவே இல்ல, பந்தல் பாக்கி, ஆத்துல கரைக்கிறது, சர்ட்டிபிகேட்டுன்னு ஓடிக்கிட்டே இருந்தேன். அவரு பக்கத்துல உக்காந்து மூக்க சிந்திக்கிட்டு இருந்தாரு.

இப்போ பணத்துக்கு வாரேன், இது தான் எழுத வச்சது.

பந்தி முடிஞ்சு சமையல்காரர் ஆளுகளுக்கு கூலி குடுப்பாரு. இலை எடுத்தவங்க, பரிமாறுனவங்க, பாத்திரம் கழுவுன அக்காமாரு எல்லாருக்கும் ஐநூறு. மாப்ளைக்கு ஒரு பார்சல், கூட அம்பது ரூபாய். அவருக்கு நோட்டு எண்ணத் தெரியாது. ஆனா கலரு தெரியும். பழைய நோட்டெல்லாம் அவருக்கு அத்துப்படி, 2016ல நோட்டு செல்லாதுன்னு சொன்ன பொறவு ஒவ்வொன்னா எல்லா கலரையும் மாத்திட்டாங்கல்ல, அதுல கொஞ்ச நாள் தடுமாறிட்டாரு. அப்புறம் பிடிச்சுக்கிட்டாரு. ஒரு வளைகாப்பு வீட்டுல நான் பக்கத்துல நிக்கேன், கையில நீல நோட்ட வச்சுக்கிட்டு பக்கத்து ஆளு கையில இருந்த சாம்பல் நோட்டையே பாத்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் சமையல்காரர்கிட்ட போயி ரெண்டு நோட்டையும் காட்டி "கலரு வேற மாப்ள"ன்னாரு. சமையல்காரர் சிரிச்சாரு, நாங்க எல்லாரும் சிரிச்சோம், "மாப்ளைக்கு விவரத்தப் பாருல"ன்னு ஒரே கொண்டாட்டம். அவரு சிரிக்கல. நோட்ட நாலா மடிச்சு பையில வச்சுட்டு ஜக்க கழுவப் போயிட்டாரு.

அன்னைக்கு நான் ஒரு வார்த்தை கேக்கலை. அதத்தான் "குழந்தை மனம்"னு ஃப்ளெக்ஸ்ல போட்டுருக்கோம். குழந்தைக்கு எதுக்கு ஐநூறு ரூபாய், மிட்டாய் வாங்கக் குடுத்தா போதாதா? கடவுளின் குழந்தை, தெய்வப் பிறவி, வெள்ளந்தின்னு எத்தன கமெண்டு வந்துச்சு போன மாசம், ஒவ்வொன்னா படிச்சேன். எல்லாம் பாசம் தான், பொய்யின்னு சொல்லல. ஆனா அம்பது வயசு ஆம்பளைய குழந்தைன்னு சொல்லிட்டா அவரு கூலி, அவரு கோவம், அவரு வலி, எதையும் பெருசா எடுத்துக்க வேண்டாம் பாருங்க, நமக்கு அது ரொம்ப சௌகரியம்.

பேப்பரு கதை இன்னும் மோசம். 2011 சென்சஸ்ல இந்தியா முழுக்க இந்தக் குறைபாடு உள்ளவங்க 15 லட்சம் பேருன்னு கணக்கு வந்துச்சு. அந்தக் கணக்குல மாப்ள கிடையாது. எடுக்க வந்த டீச்சர் "வீட்டுல ஊனமுள்ளவங்க உண்டா"ன்னு கேட்டதுக்கு அக்கா "இல்ல டீச்சர், கை கால் எல்லாம் நல்லாருக்கு"ன்னு சொல்லிட்டாங்க. அவங்களுக்கு ஊனம்னா கை கால் தான். மாற்றுத்திறனாளி அட்டை எடுக்கல, அட்டை இல்லாததால மாசாமாசம் வர்ற பராமரிப்பு உதவித்தொகை இல்ல, 2025ல அது 2000 ரூபாய். நூறு நாள் வேலையில மாற்றுத்திறனாளிக்கு லேசான வேலை குடுக்கணும்னு இருந்துச்சு, அதுல ஒன்னு என்ன தெரியுமா, வேலை செய்றவங்களுக்கு தண்ணி குடுக்குறது. தண்ணி! அந்த வேலைக்குன்னே பொறந்த ஆள ஊருக்குள்ள வச்சுக்கிட்டு ஒரு ஜாப் கார்டு போட ஒருத்தனுக்கும் தோணல. எங்க பஞ்சாயத்துல படிச்சவனுக்கு பஞ்சமா? நான் இன்ஜினியரிங் முடிச்சவன். கலெக்டர் ஆபீஸ் பஸ்ல முக்கா மணி நேரம்.

டீ வாங்கிக் குடுக்குறதுக்கு மட்டும் போட்டி போட்டோம். ஊர்ல நாலு டீக்கடை. அவரு இறந்த மூணாம் நாள் பெஞ்சுல உக்காந்து பேசுறப்போ தான் கணக்கு வெளிய வந்துச்சு. ஒவ்வொரு மாஸ்டரும் "நான் ரெண்டு டீ தான் குடுப்பேன்"ங்காங்க, மேலக்கடை அண்ணாச்சி மட்டும் மூணு. அப்போ ஒன்பது. மாப்ளைக்கு சீனி தூக்கலா வேணும், டீக்கு மூணு ஸ்பூன் போட்டா இருபத்தேழு ஸ்பூன் ஆச்சு. போக, பலசரக்கு கடையில கடலை மிட்டாய், கோயில்ல பொங்கல், சலூன்ல கலரு சோடா. ஒவ்வொருத்தரும் குடுத்தது கொஞ்சம் தான். எல்லாமே பாசம்.

சுகர் இருக்குன்னு தெரிஞ்சு அஞ்சாறு வருசம் ஆச்சு. அக்கா ஒவ்வொரு கடையா ஏறி இறங்குனாங்க, "அண்ணாச்சி, அவனுக்கு சீனி போடாதிய, சும்மா பால் குடுங்க"ன்னு கையெடுத்து கும்பிட்டாங்க. "பாவம்க்கா, ஒரு டீ தானே"ன்னு சொன்னோம். 2021ல மக்களைத் தேடி மருத்துவம் வந்த பொறவு வீட்டுக்கே மாத்திரை வந்துச்சு, மாத்திரைய முழுங்கிட்டு நேரா டீக்கடைக்கு வருவாரு. செருப்பு போட மாட்டாரு, வாங்கிக் குடுத்தா கோயில் வாசல்ல விட்டுட்டு வந்துருவாரு. சுகர் முத்துனா கால் மரத்துப் போகும்னு நம்ம எல்லாருக்கும் தெரியும், வீட்டுக்கு ஒருத்தருக்கு இருக்கு. வேலிமுள்ளு ஏறி உள்ளங்கால் பொத்துப் போய் எத்தன நாள் நடந்தாரோ. மண்டபத்துல அவரு நடந்த இடத்துல ஈரமா ரத்தம் பதிஞ்சிருந்தத பாத்திரம் கழுவுற அக்கா பாத்துட்டு தான் சத்தம் போட்டாங்க. கேட்டா "ஒன்னுமில்ல மாப்ள"ங்காரு. பெரியாஸ்பத்திரியில முழங்காலுக்கு கீழ எடுக்கணும்னாங்க, எடுத்தாங்க, பதினோராவது நாள் போயிட்டாரு. ஐப்பசி அடைமழை.

தூக்குறதுக்கு முன்னாடி ஒரு பெரியவர், நல்ல மனசுல தான், "கல்யாணம் ஆகாத கட்டை, வாழை மரத்த வச்சு ஒரு தாலி கட்டிட்டு கொண்டு போவோம்"னாரு. எங்க பக்கம் அப்படி ஒரு வழக்கம் உண்டு. ஒருத்தன் வாழை வெட்டவும் கெளம்பிட்டான். அக்கா உள்ள இருந்து வந்தாங்க. அழுகையெல்லாம் இல்ல. "கல்யாணப் பேச்சு போதும். இத்தன வருசம் கேட்டது போதும், அவன விட்ருங்க"ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டாங்க. அவ்ளோ கூட்டத்துல மழைச் சத்தம் மட்டும் தான். அப்படியே தூக்கிட்டோம்.

அந்தக்காவ பத்தி தனியா எழுதணும். தம்பிக்காக வந்த ரெண்டு சம்பந்தத்த தட்டிவிட்டவங்க, பீடி சுத்தி தான் சோறு. "ஊரே வளர்த்த பிள்ளை"ன்னு ஒருத்தர் மைக்குல பேசுனப்போ அக்கா மூஞ்சிய நான் பாக்கல, பாக்க தைரியம் இல்ல. பதினாறு நாள்ல நான் அந்தத் திண்ணையில உக்காந்தது ரெண்டு நாள்.

எங்க பக்கத்துத் தெருவுல ஒரு பையன் இருக்கான், பத்தொன்பது முடிஞ்சிருச்சு, அவனுக்கும் இதே மாதிரி தான். அவங்க அம்மாவுக்கு நான் சொன்ன ஒரு விஷயம் இங்கயும் சொல்றேன், யாருக்காவது உதவும்: 18 தாண்டிட்டா பெத்தவங்களா இருந்தாலும் சட்டப்படி தானா கார்டியன் ஆயிட முடியாது. 1999 நேஷனல் டிரஸ்ட் சட்டத்துல கலெக்டர் தலைமையில ஒரு கமிட்டி இருக்கு, அதுல மனு போட்டு சட்டப்பூர்வ பாதுகாவலர் சான்று வாங்கணும். பேங்கு, சொத்து, எல்லாத்துக்கும் அது கேப்பாங்க. அதே சட்டத்துல நிராமயான்னு ஒரு இன்சூரன்ஸ், வருசத்துக்கு ஒரு லட்சம் வரைக்கும். திங்கக்கிழமை மனுநாளுக்கு அவங்களோட நானும் போறேன், முதல்ல அட்டை.

அந்தப் பையன் இப்போ பந்தியில தண்ணி ஊத்த ஆரம்பிச்சிருக்கான். மாப்ள அளவுக்கு வராது, இலையெல்லாம் நனைச்சு வச்சிருதான். போன ஞாயித்துக்கிழமை காதுகுத்து வீட்டுல கூலி குடுக்குறப்போ நான் தள்ளி நின்னு கலரப் பாத்தேன். நீலம்.

சமையல்காரர்கிட்ட போயி கேட்டேன். "என்ன அண்ணாச்சி, அவனும் அதே நேரம் தானே நின்னான்?" "அவனுக்கு எதுக்குல ஐநூறு, என்ன செய்யப் போறான்"ன்னாரு. "நீங்க வாங்குறத வச்சு என்ன செய்றீங்கன்னு யாராவது கேட்டாங்களா"ன்னு நானும் கொஞ்சம் சத்தமா பேசிட்டேன், கூட்டம் கூடிருச்சு, எங்க சித்தப்பா வந்து என்னைய இழுத்துட்டு போனாரு. ஐநூறு குடுத்தாரு, மூஞ்சில அடிச்ச மாதிரி. அன்னையில இருந்து என்கூட பேச்சு இல்ல. சொந்தக்காரரு வேற. தையில எங்க சின்னம்மா பொண்ணு கல்யாணம், அவருக்கு தான் சமையல் பேசி அட்வான்ஸ் குடுத்துருக்கு.