பிடி வலு வேறு, கை சோர்வு வேறு
மேலே ஒரு அண்ணன், பிடி வலுவை அளக்கும் டைனமோமீட்டர் கருவியை ஒரு தடவை அழுத்தி பிடி வலு நார்மல் என்று வந்துவிட்டால் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்) கையைத் தொடவில்லை, சோர்வெல்லாம் மனசுதான் என்று எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லை அண்ணா. ஒரு அழுத்தம் காட்டுவது அந்த நொடியின் வலுவை மட்டும்தான். இந்த நோயில் நரம்பின் மயலின் உறை சேதமாவதால், முதல் அழுத்தம் நன்றாக இருந்தாலும் தொடர்ந்து பிடிக்கும்போது பிடி சீக்கிரம் இறங்கிவிடலாம். இந்த நோயோடு பெரம்பூரில் இருக்கும் என் அக்கா முதல் மூடித் தேங்காயை ஜோராகத் துருவிவிடுவாள், அடுத்த மூடி பாதியில் விரல் தானாகத் திறந்துகொள்ளும்.

சந்தேகமிருந்தால் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். அதே டைனமோமீட்டரை 30 விநாடி முழு பலத்தோடு விடாமல் அழுத்தச் சொல்லி, தொடக்கத்தையும் முடிவையும் ஒப்பிடுவார்கள். யாருக்கும் கொஞ்சம் இறங்கும் (உங்களுக்கும்தான்), எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் கணக்கு. அப்புறம், 9 குச்சிகளைத் துளைகளில் செருகி எடுக்க ஆகும் நேரத்தை அளக்கும் சோதனை விரல் நுணுக்கத்துக்கானது. நைன் ஹோல் பெக் டெஸ்ட் என்று தேடினாலே வீடியோ கிடைக்கும்.