ஊசி ஏக்கத்தைத் தொடாது
போதைப்பொருளுக்கு எதிரான தடுப்பூசி வந்துவிட்டால் போதைப்பழக்கமே ஒழிந்துவிடும் என்கிற தொனியில் ஒரு கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. அவ்வளவு சுலபமா என்ன? நிகோட்டின், கோகெய்ன் மூலக்கூறுகள் மிகச் சிறியவை. தனியாகப் போனால் நோயெதிர்ப்பு மண்டலம் கண்டுகொள்ளாது. அதனால் ஒரு பெரிய புரதத்தோடு ஒட்டித்தான் ஊசி போடுகிறார்கள். அதனால் உடலில் உருவாகும் ஆன்டிபாடிகள் (எதிர்ப்புப் புரதங்கள்) போதைப்பொருளை ரத்தத்திலேயே பிடித்துக்கொண்டு மூளைக்குள் போகவிடாது.

சரி, ஏட்டில் அருமை. ஆனால் 2009-இல் வெளியான கோகெய்ன் தடுப்பூசி ஆய்வில் சுமார் 38 சதவீதம் பேருக்குத்தான் போதிய ஆன்டிபாடி உருவானது. நிக்வாக்ஸ் என்ற நிகோட்டின் தடுப்பூசி 2011-இல் மூன்றாம் கட்டச் சோதனையில் தோற்றது. அப்புறம், ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைமருந்துக்கான ஊசி ஹெராயினைத் தடுக்காது. ஏங்குகிற மனம் அடுத்த பொருளுக்குத் தாவிவிடும். பழக்கத்தை விட்டவர் தவறி மறுபடி தொடும்போது அளவு மீறிச் சாகாமல் காக்க இந்த ஊசி உதவலாம். அதைப் பற்றித்தான் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.