மனுவில் எதற்குக் கெஞ்சல்?

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எந்த ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனாலும், வாசலில் மனு எழுதித் தருபவர்கள் இருப்பார்கள். முதல் பத்தி ஊருக்கு ஊர் மாறாது. "ஐயா, நான் மிகவும் ஏழை. கூலி வேலை செய்து பிழைக்கிறேன். தாங்கள் கருணை கூர்ந்து..." என்று அரைப் பக்கம் ஓடும். என்ன வேண்டும் என்பது கடைசியில் ஒரு வரி, அதுவும் சர்வே எண் இல்லாமல்.

இதைப் பணிவு என்று சொல்லிப் பழக்கிவிட்டார்கள். உட்கார்ந்திருப்பவர் "என்னம்மா, சொல்லு" என்று ஒருமையில் பேசுவார், நிற்கும் பாட்டி மட்டும் கும்பிட வேண்டும் என்றால் அதில் பணிவு எங்கே இருக்கிறது? யார் கீழே என்று ஞாபகப்படுத்துகிறார்கள், அவ்வளவுதான்.

காரியத்துக்கும் அது உதவாது. மனுவைப் பதிபவருக்கு வேண்டியது, என்ன கோரிக்கை என்று சொல்லும் "பொருள்:" என்ற வரி. பட்டா, ரேஷன் அட்டை, தெருவிளக்கு மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் ஏதோ ஒரு துறைக்குப் போகும், மற்ற இரண்டும் அம்போ. ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. "பார்வை:" என்ற வரியில் முந்தைய மனுவின் எண்ணும் தேதியும். பட்டா என்றால் வட்டம், கிராமம், உட்பிரிவோடு சர்வே எண், பத்திர எண், வருடம். இணைப்பில் நகல் மட்டும், அசலைக் கொடுக்கவே கூடாது. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள். மரியாதைக்கு "ஐயா, வணக்கம்" போதும்.

மனு வட்டாட்சியர் வழியாக விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) வரை இறங்கும். யார் மீது புகாரோ அவர் கைக்கே வருவதும் உண்டு. வெறும் கருணை கேட்கும் மனுவாக இருந்தால் "கோரிக்கை ஏற்புடையதல்ல" என்று ஒரே வரியில் மூடிவிடலாம். எண்ணும் தேதியும் இருந்தால் அவரும் அதற்குப் பதில் எழுதியாக வேண்டும்.

பதிலே வரவில்லையா? தகவல் உரிமைச் சட்டம் 2005. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, மனு மீது எடுத்த நடவடிக்கையின் நகலைக் கேளுங்கள். எதற்குக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை, பிரிவு 6(2). எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்தில் கொண்டுவர உதவ வேண்டியது பொதுத் தகவல் அலுவலரின் கடமை. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இந்தச் சட்டத்தில் கேட்பவர்களும் "என் ஏழ்மை நிலையைக் கருதி" என்று தொடங்குவதுதான் எரிச்சல். அங்கே ஏழ்மையைச் சொல்ல வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான கட்டண விலக்கு. அதற்கும் சான்றின் நகலை இணைத்தால் போதும்.