இணையக் குற்றத்தில் யாரை அச்சுறுத்தப் போகிறோம்?

இணையவழி மோசடிச் செய்தி வரும்போதெல்லாம் தண்டனையைக் கடுமையாக்க வேண்டும் என்ற குரல் எழுகிறது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமையைவிட அது தப்பாமல் வந்து சேரும் என்ற உறுதிதான் என்று இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764-லேயே எழுதினார். அது விரைந்து வர வேண்டும் என்றும் வலியுறுத்தினார். நாம் கோட்டைவிடுவது இந்த இரண்டில்தான்.

கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் கிடைக்கும், ஜாமீனும் உண்டு. இதை 10 ஆண்டாக உயர்த்தினாலும், மியான்மரின் மியாவடியில் மோசடிக் கும்பல்களின் முகாம்களில் அடைத்துவைக்கப்பட்டு, அடிக்குப் பயந்து நம்மவர்களிடம் போனில் பேசும் இளைஞனை அது எப்படித் தடுக்கும்? தாய்லாந்தில் வேலை என்று நம்பிப்போய் மியாவடியில் சிக்கி, 2022-இல் மீட்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களை ஆட்டுவிக்கும் முதலாளிகளோ நம் நீதிமன்றங்களுக்கு எளிதில் எட்டுவதில்லை.

எட்டும் தூரத்தில் இருப்பவர், தம் வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுபவர். கமிஷனுக்கு ஆசைப்பட்டு பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கணக்கோடு இணைத்த சிம் ஆகியவற்றைத் தரகரிடம் கொடுத்துவிடுகிறார். ஏமாந்தவரின் பணம் முதலில் வந்து விழுவதும், அடுத்த சில நிமிடங்களில் பல கணக்குகளுக்குப் பிரிந்து போவதும் இத்தகைய கணக்குகள் வழியாகத்தான். கணக்கைக் கொடுத்தவருடைய ஆதார், பான், முகவரி எல்லாம் வங்கியிடம் இருக்கின்றன. வரும் பணத்தையும் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பையும் எடைபோட்டே பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள் என்பதால், அச்சம் வேலை செய்யக்கூடிய இடமும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. கணக்கைக் கொடுத்தவர் ஒவ்வொருவரையும் ஒரு மாதத்திற்குள் போலீஸ் விசாரிக்கும் என்பது ஊருக்குள் தெரிந்துவிட்டால், தரகருக்கு ஆள் கிடைப்பது அரிதாகும். விவரம் அறியாமல் கொடுத்துவிட்ட மாணவரைத் தரகரோடு ஒன்றாக வைக்கக் கூடாது. அவரை எச்சரித்து விடலாம்.

அதற்கு விசாரிக்க ஆள் வேண்டும். ஆய்வாளர் நிலைக்குக் குறைந்த காவலர் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் புலனாய்வு செய்ய முடியாது என்கிறது 78-ஆம் பிரிவு. இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு உடனே அழைத்தால் பணத்தை இடையிலேயே முடக்க முடிகிறது. அந்த வேகம் வழக்கு விசாரணையில் இல்லை. "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுபவர்கள் சீருடையில் வீடியோ அழைப்பில் வந்து, சட்டத்துக்குப் பயப்படும் ஓய்வூதியரின் சேமிப்பையே பறிக்கிறார்கள். குற்றமற்றவருக்கு இருக்கும் அந்தப் பயம் கணக்கை விற்பவருக்கு இல்லாதது எனக்குப் பெரும் வேதனை. பயிற்சி பெற்ற சார்பு ஆய்வாளர்களும் புலனாய்வு செய்யும்படி 78-ஆம் பிரிவைத் திருத்துவதே, தண்டனை ஆண்டுகளைக் கூட்டுவதற்கு முன் நாடாளுமன்றம் செய்ய வேண்டிய வேலை.