கை வைப்பதற்கு முன்னால்

அந்த முகாம் வீடியோவைப் பற்றி இன்னொரு பதிவு எழுத வேண்டிவரும் என்று நான் நினைக்கவே இல்லை. களியக்காவிளையிலிருந்து எல்லை தாண்டிப் பாறசாலை வரைக்கும் எல்லார் போனிலும் அது வந்துவிட்டது. பார்க்காதவர்களுக்கு ஒரே வரி: ஒரு வைத்திய முகாமில் ஒரு தம்பி நாற்பது பேரின் கழுத்தை வரிசையாகப் பிடித்து டக்கென்று திருப்பிவிடுகிறார். நான் பிசியோதெரபி பார்க்கிறவள். அதன் கீழே நான் எழுதியது ஒரே வரி: “கழுத்தைத் திருப்புவதற்கு முன்னால் அந்த மாமியிடம் ஏதாவது கேட்டீர்களா?” அதற்கு வந்த பதில்களை நேற்று ராத்திரி ஒரு மணி வரை வாசித்துக்கொண்டிருந்தேன். பொறாமை என்றார்கள், பிழைப்பு போய்விடுமோ என்று பயம் என்றார்கள். சரி. “மசாஜ் பண்ணுகிறவளுக்கு எதற்கு இவ்வளவு வாய்” என்று ஒருவர். அதையும் விழுங்கிக்கொண்டேன், பதினேழு வருடமாகக் கேட்கிற வார்த்தைதான். எங்கள் குடும்பத்தைத் தெரிந்த ஒருவர், “ஆசானுக்குப் பேத்தியாகப் பிறந்துவிட்டு வைத்தியத்தைப் பழிக்கிறாயே” என்று எழுதியிருந்தார். அங்கேதான் எனக்குத் தூக்கம் போனது.

நான் வைத்தியத்தைப் பழிக்கவில்லை. கை வைப்பதைப் பழிக்கவில்லை, என் பிழைப்பே கைதான். கை வைப்பதற்கு முன்னால் பார்க்க வேண்டும், கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். இதை இந்தப் பதிவில் நாலைந்து தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பாருங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வரிசை, ஒருவருக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. அந்தத் தம்பி பின்னால் வந்து நிற்கிறார், ஒரு கை தாடையில், ஒரு கை பிடரியில், “லூசா விடுங்கம்மா” என்கிறார், ஒரே திருப்பு, டக்கென்று சத்தம், கூட்டம் கைதட்டுகிறது. மாமியும் சிரிக்கிறார். நீங்கள் எல்லோரும் அந்தச் சிரிப்பைத்தான் பார்த்தீர்கள். எழுந்திருக்கும்போது அவர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடிக்கிறார், விரல் நுனி வெளுத்துப்போகிற அளவுக்கு, ஒரு மூன்று விநாடி இருக்கும், அதற்குள் கேமரா அடுத்த ஆளிடம் போய்விட்டது. தலை சுற்றாதவர் அப்படிப் பிடிக்க மாட்டார். விசாரித்தேன், இப்போது நன்றாக இருக்கிறார், தெய்வம் காத்தது. அந்த மூன்று விநாடியைத்தான் நான் கேட்டேன்.

கழுத்தெலும்புகளின் பக்கவாட்டில் சின்னத் துவாரங்கள் உண்டு. ஊசியில் நூல் கோத்த மாதிரி, அதன் வழியாக இரண்டு பக்கமும் ஒவ்வொரு ரத்தக்குழாய் மேலே ஏறி, முதல் கழுத்தெலும்பின் மேல் வளைந்து திரும்பி மூளைக்குள் போகிறது. மூளையின் பின்பக்கத்துக்கு ரத்தம் கொண்டுபோவது அதுதான். கழுத்தைச் சட்டென்று முறுக்கும்போது அந்தக் குழாயின் உள்சுவர் கிழிந்தால் அங்கே ரத்தம் உறையும், உறைந்தது மேலே போனால் பக்கவாதம். அப்புறம் அந்த ‘டக்’ சத்தம். விலகின எலும்பு இடத்தில் போய் உட்காருகிற சத்தம் என்று அந்தத் தம்பி மைக்கில் சொல்கிறார். இல்லை. மூட்டுக்குள் இருக்கிற நீரில் வாயுக்குமிழ் உண்டாகிற சத்தம். நீங்கள் விரலில் சொடக்கு எடுக்கும்போது வருகிறதே, அதேதான்.

“ஆயிரத்தில் ஒருத்தருக்குக்கூட நடக்காது, எதற்குப் பயமுறுத்துகிறாய்?” அபூர்வம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் கேட்டுப் பார்க்க ஆகிற நேரம் மூன்று நிமிடம். தலைசுற்றல் உண்டா, பார்க்கிறது இரண்டாகத் தெரிகிறதா, கை மரத்துப்போகிறதா, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எங்கேயாவது விழுந்தீர்களா, ராத்திரி எப்படிப் படுத்தாலும் குறையாத வலியா, சமீபத்தில் உடம்பு மெலிந்ததா, முடக்குவாதம் (மூட்டுகள் வீங்கி இறுகுகிற நோய்) இருக்கிறதா. முடக்குவாதம் பல வருடமாக உள்ளவர்களுக்கு மேலே உள்ள இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவில் இருக்கிற பிடிமானமே தளர்ந்திருக்கலாம், அந்தக் கழுத்தை யாரும் முறுக்கவே கூடாது. இதைக் கேட்காமல் நாற்பது கழுத்தைத் திருப்பிவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்றால், கண்ணை மூடிக்கொண்டு தேசிய நெடுஞ்சாலையைக் கடந்துவிட்டேன், வண்டி மோதவில்லையே என்பது மாதிரிதான்.

இப்போது ஆசான் பேச்சுக்கு வருகிறேன்.

என் பாட்டா, அதாவது தாத்தா, வர்ம ஆசான். அடிபட்டால் ஆபத்தாகிற உடம்பின் புள்ளிகளைத்தான் வர்மம் என்பார்கள். 108 வர்மம், படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எண்ணிக்கை மட்டும்தான் எனக்குத் தெரியும். வர்மத்தில் அடிபட்டவரைத் தேற்றுகிற அடங்கலோ இளக்குமுறையோ எனக்குச் சொல்லித்தரவில்லை, பெண்பிள்ளைகளுக்குச் சொல்லுகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் முறிவெண்ணெய் சூடாக்கிக் கொடுக்கிற ஆள். அதனால் பார்த்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மூன்று படி. வருகிறவர் அந்த மூன்று படியை எப்படி ஏறுகிறார், எந்தக் காலை முதலில் வைக்கிறார், தூணைப் பிடிக்கிறாரா என்று பாட்டா வெற்றிலையை மடக்கிக்கொண்டே பார்ப்பார். அப்புறம் என்ன வேலை, எத்தனை மரம், எந்தக் கை என்று கேட்பார். எண்ணெய்க் கிண்ணத்தை எடு என்று என்னிடம் கண்ணைக் காட்டுவதற்குள் கால் மணி நேரம் ஆகிவிடும்.

எனக்கு ஒன்பது வயதில் ஒரு நாள், தென்னையிலிருந்து விழுந்த ஒரு பையனை நாலு பேர் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். பாட்டா திண்ணையிலிருந்து இறங்கினார், குனிந்து பார்த்தார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். “கால்விரல அசை மக்ளே” என்றார். அசையவில்லை. “ஒருத்தரும் பிள்ளைய மடக்கவோ நிமித்தவோ செய்யாதிங்க, தொழுவத்துக் கதவக் கழத்துங்க” என்றார். அவன் அம்மா அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள், “ஆசானே, ஒருக்கா தடவிப் பாருங்க” என்று. அவர் தொடவில்லை. கதவில் கிடத்தி ஜீப்பில் ஏற்றித் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கு அனுப்பினார். பையன் பிழைத்தான். கால் முழுசாக வரவில்லை, ஊன்றுகோலோடு நடப்பான். அந்தக் கதவு திரும்பி வரவே இல்லை, பாட்டா கேட்டதும் இல்லை. மழைக்காலம் முழுவதும் தொழுவத்தில் சாக்குதான் தொங்கியது.

என்னை ஆசான் பேத்தி என்று குத்திக்காட்டினவரே, நீங்களும் அன்று அந்த முற்றத்தில் நின்றிருக்கலாம். அந்த ஆசான் அன்றைக்குச் செய்தது வைத்தியமா இல்லையா, சொல்லுங்கள்.

“இங்கிலீஷ் படிப்பு படித்ததும் நாட்டு வைத்தியம் இளப்பமாகிவிட்டது” என்கிறவர்களுக்கு இதற்கு மேல் பதில் சொல்ல எனக்கு மனமில்லை. பாறசாலைப் பக்கத்திலிருந்து வருகிற சேச்சிமார் கர்க்கிடகத்தில் (ஆடி மாதத்தில்) உழிச்சிலும் (எண்ணெய்த் தடவல்) கிழியும் (மருந்து மூட்டை ஒத்தடம்) செய்துவிட்டு என்னிடம் வருகிறார்கள், உடம்பு இளகியிருக்கிறது, நல்லதுதான் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறேன்.

மசாஜ் என்ற வார்த்தைக்கு மட்டும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் அது வலிக்கிறது. 1894-இல் லண்டனில் மசாஜ் என்ற பேரில் வேறு தொழில் நடக்கிறது என்று ஊரெல்லாம் செய்தி கிளம்பியபோது, நாலு நர்சுகள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்தார்கள். முறையாகப் படித்துப் பரீட்சை எழுதின கைக்கும் மற்றதற்கும் வித்தியாசம் தெரியட்டும் என்று. இன்றைக்கு இங்கிலாந்தில் இருக்கிற பிசியோதெரபி சங்கம் அதிலிருந்து வளர்ந்ததுதான். இந்தியாவில் 1953-இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் பிசியோதெரபிப் பள்ளி தொடங்கியது போலியோ வந்த பிள்ளைகளை நடக்கவைக்க. அந்த வழியில் வந்த படிப்பு இது. நாலு வருடம் படித்து, ஆறு மாதம் மருத்துவமனையில் பயிற்சி எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், ராத்திரி பத்து மணிக்கு முகம் தெரியாத ஆண்கள் போன் பண்ணி “மசாஜ் உண்டா” என்று கேட்கிறார்கள். போர்டில் என் பெயரும் நம்பரும் இருக்கிறதே, அதனால். 2025 செப்டம்பரில் எங்கள் ஆட்கள் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போடக் கூடாது என்று டெல்லியிலிருந்து ஒரு கடிதம், மறுநாளே அதை நிறுத்திவைத்து இன்னொரு கடிதம். நான் அந்தப் பட்டத்துக்கு ஆசைப்படவில்லை. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், அக்கா என்று கூப்பிடுங்கள், அந்த இன்னொரு தொனியில் மட்டும் கூப்பிடாதீர்கள்.

என்ன வேலை செய்கிறேன் என்று கேட்கிறவர்களுக்கு ஒரே ஒரு ஆளைச் சொல்கிறேன், அவர் அனுமதியோடுதான். ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன், சர்க்கரை வியாதி உண்டு. வலது தோள் இறுகிப்போய் வந்தார். அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியாது, சட்டை போட மைனி, அவர் மனைவி, வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த உறைதோள் அதிகம் வரும். அதற்கு முன் மூன்று இடத்தில் அவர் கையைப் பிடித்து இழுத்துவிட்டிருந்தார்கள், ஒவ்வொரு இழுப்புக்கும் ராத்திரி வலி கூடியது. வலி உச்சத்தில் இருக்கும்போது இழுக்கக் கூடாது. முதல் மாதம் நான் செய்தது வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே இல்லை, தோள் உருண்டையை இரண்டு கையிலும் தாங்கி, வலி தொடங்குகிற இடத்துக்கு முன்னாலேயே நின்றுகொண்டு, தொட்டில் ஆட்டுகிற மாதிரி லேசாக அசைத்துக்கொண்டிருந்தேன். “இதுக்கா பிள்ளே முந்நூறு ரூவா?” என்று நேராகவே கேட்டார். பக்கவாட்டில் கை 60 டிகிரிதான் ஏறும், அளந்து எழுதிக் காட்டினேன். வலி இறங்கின பிறகுதான் பலமாகச் செய்ய ஆரம்பித்தேன், வீட்டில் சுவரில் விரல்களைப் படிப்படியாக மேலே நகர்த்தச் சொன்னேன், ஏமாற்றாமல் செய்தார். ஐந்தாவது மாதம் 150. அந்த எண்ணை அவர் கவனிக்கவே இல்லை. “இன்னைக்கு முதுகுல நானே சோப்பு போட்டேன் கேட்டியா” என்றார். வலி போவது ஒன்று, கை எழுந்து வேலைக்குப் போவது வேறொன்று. வீடியோவில் முதலாவது மட்டும்தான் தெரியும், அதுவும் அன்று சாயங்காலம் வரைக்கும்.

இன்னொரு கேள்விக்கு எனக்குக் கோபம் வரவில்லை, தலைகுனிவுதான் வந்தது. “உங்கள் ஆட்கள் மட்டும் என்ன, மெஷினை ஒட்டிவிட்டுப் போனைப் பார்க்கிறார்கள்.” உண்மை. நான் ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருடம் அப்படித்தான் வேலை செய்தேன். நாளைக்கு நாற்பத்தைந்து பேர். பட்டையைக் கட்டு, கரண்ட் வை, பத்து நிமிடம், அடுத்த ஆள். பக்கவாதம் வந்து தோள் தொங்கிப்போன ஒரு அம்மச்சிக்குக் கப்பியில் கையை இழுக்கச் சொல்லி எழுதியிருந்தது. அந்தத் தோளுக்குக் கப்பி ஆகாது, வலியைக் கூட்டும். மாட்டேன் என்றேன், மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டுத் திட்டினார்கள். மறுநாள் அம்மச்சி, “மிஷீன் வேண்டாம் மக்ளே, நீ கையப் பிடிச்சிட்டு இரி” என்றார். பிடித்துக்கொண்டேன், அன்றைக்கு ஐந்து பேர் காத்திருந்து திட்டிவிட்டுப் போனார்கள். அந்த மாதமே வேலையை விட்டேன்.

அந்த முகாமுக்கு ஜனங்கள் ஏன் போகிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அண்டியாபீசில் (முந்திரிப்பருப்பு ஆலையில்) குத்தவைத்தே உட்கார்ந்து முட்டு தேய்ந்த ஒரு பெண்ணை ஆறு மாதமாக ஒருவரும் தொட்டுப் பார்க்கவில்லை. படம் எடுத்துப் பார்த்தார்கள், மாத்திரை எழுதினார்கள். அங்கே ஒரு தம்பி தலையில் கை வைத்து “அம்மா” என்கிறான். அதற்காகவே பாதி வலி போகும். அந்தத் தம்பி மேல் எனக்கு விரோதம் இல்லை, கையில் திறமையும் இருக்கலாம். நம்பித் தலையைக் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றுதான் என் ஆத்திரம் எல்லாம்.

கடைசியாக, அந்த முகாமில் கழுத்துத் திருப்பிக்கொண்ட நாற்பது பேரில் யாராவது இதைப் படித்தால், அல்லது அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்தால். இதுவரை இல்லாத மாதிரி ஒரு பக்கமாகக் கழுத்தோ பின்தலையோ வலித்தால், நடை தள்ளாடினால், பேச்சு குழறினால், தண்ணீர் விழுங்கும்போது புரையேறினால், முகத்தில் ஒரு பக்கம் மரத்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். சில நாள் கழித்தும் வரும். பக்கவாதத்துக்கான ஊசியை, அறிகுறி தொடங்கின நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். 108-க்குப் போன் பண்ணி ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கோ திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்கோ நேராகப் போங்கள். என்னிடம் வர வேண்டாம்.