சராசரி விலைக்குள் அடங்காத தோட்டத்துக் குடும்பங்கள்

மலேசியாவின் சிலாங்கூரில் வீட்டு விலை உயர்ந்துவருவது மாநிலத்தின் வளர்ச்சிக்கு அடையாளம் என்று, வீட்டு விலை பற்றிய கட்டுரை ஒன்றில் அதை எழுதியவர் கூறியிருப்பது, பெருநகரமான பெட்டாலிங் ஜெயாவையும் நாட்டுப்புறமான சபாக் பெர்ணத்தையும் ஒரே சராசரிக்குள் அடக்கிப் பார்த்ததால் வந்த முடிவு என்றே கருதுகிறேன். முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய எங்கள் பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்களில் வாழும் குடும்பங்களுக்கு, விலையைவிட வயதும் குறைந்த சம்பளமுமே பெரிய தடைகள்.

3 லட்சம் ரிங்கிட் தரைவீட்டை எடுத்துக்கொள்வோம். வங்கி 90 விழுக்காடு கடன் தந்தாலும் முன்பணம் 30,000 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணம் தனி. மீதி 2 லட்சத்து 70 ஆயிரத்தை 4 விழுக்காட்டு வட்டியில் 35 ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறத்தாழ 1,195 ரிங்கிட் ஆகும். 45 வயதில் கடன் கேட்பவருக்கோ, பெரும்பாலான வங்கிகள் 70 வயதோடு தவணையை முடித்துவிடுவதால், 25 ஆண்டுகளே கிடைக்கும். தவணை 1,425 ரிங்கிட்டைத் தாண்டிவிடும். குறைந்தபட்சச் சம்பளமோ மாதம் 1,700 ரிங்கிட்.

பணி ஓய்வுபெற்றதும் தோட்ட நிர்வாகத்தின் வீட்டைக் காலி செய்ய வேண்டியவர்களுக்கு ஊழியர் சேமநிதியே கடைசிக் கையிருப்பு. அதையும் முன்பணத்துக்கே கரைத்துவிட்டால் முதுமைக்கு எதுவும் மிஞ்சாது. மாநில அரசின் ரூமா சிலாங்கூர்கூ திட்டம் போன்றவற்றின் மலிவு விலை வீடுகளில் ஒரு பகுதியையாவது தோட்டங்களை ஒட்டிய சிற்றூர்களில் கட்டி, முதலில் வாடகைக்குக் கொடுத்துப் பின்னர் விற்கும் முறையைக் கட்டுரை பேசியிருக்கலாம்.