பிரம்புக்கும் மதிப்பெண்ணுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்

“பிரிட்டனில் இன்னும் பிரம்படி உண்டு, அதனால்தான் லண்டன் மைக்கேலா பள்ளி முதலிடத்தில் இருக்கிறது” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதியே தவறு. அரசுப் பள்ளிகளில் பிரம்படி 1987-லேயே நின்றுவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு நாடாளுமன்றத்தில் 231-க்கு 230 என ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறிய தடை அது! தனியார் பள்ளிகளில் தடை வரத்தான் தாமதம்: இங்கிலாந்தில் 1999, வட அயர்லாந்தில் 2003.

மைக்கேலா 2014-ல் தொடங்கிய பள்ளி. பிரம்பைப் பார்த்தே இராத பள்ளி என்று சொல்லலாம். நடைக்கூடத்தில் பேசக்கூடாது, சின்னத் தப்புக்கும் கரும்புள்ளி, அப்புறம் வகுப்பு முடிந்தும் உட்கார வைப்பது, இவைதான் அங்கே கண்டிப்பு. மாணவர் முன்னேற்றத்தை அளக்கும் ‘ப்ராக்ரஸ் 8’ கணக்கில் அது நாட்டிலேயே முதலிடம் வந்தது உண்மை. ஆனால் கண்டிப்பு மட்டும்தான் காரணமா? பாடத்திட்டத்தை அவர்களே பார்த்துப் பார்த்து அமைக்கிறார்கள். பெற்றோரும் விதிகளைத் தெரிந்துகொண்டே பிள்ளையைச் சேர்க்கிறார்கள். இதில் எது எவ்வளவு உதவியது என்று ஒரு பள்ளியை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.

கண்டிப்பின் மறுபக்கத்தையும் பாருங்கள். இங்கிலாந்தில் 2023-24 கல்வியாண்டில் மட்டும் தற்காலிக இடைநீக்கங்கள் ஒன்பதரை லட்சத்துக்கு மேல். சிறப்புக் கல்வித் தேவை உள்ள பிள்ளைகளும் ஏழைப் பிள்ளைகளும்தான் அதில் அதிகம் சிக்குகிறார்கள். வெளியே நிற்கும் பிள்ளைக்கு எந்த ஒழுங்கும் பாடம் நடத்தாது, இல்லையா?